முகம் தெரியாத வாக்காளர்

திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கியதும் ஒரு புள்ளிமான் வந்து என் கைப்பையை முகர்ந்து பார்த்தது. எங்கள் மதுரையில் இந்த வேலையைப் பசுமாடு பார்க்கும். வாழைப்பழத் தோல், சுவரொட்டி, யாரோ வீசிவிட்டுப் போன சோற்றுப் பொட்டலம் என்று மான்களும் எதையும் விடுவதில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு படம் எடுப்பதைப் பார்த்து, பாண் ரொட்டி வாங்கிக்கொண்டு போன ஒருவர் "இந்தியாவில இருந்தோ?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். ஆமாம் என்பதற்கு இங்கே சொல்கிற அந்த ஒரு சொல்லை விமானத்திலேயே பழகி வைத்திருந்தேன். அவர் சிரித்துக்கொண்டே போனார். என் ஓம், கோயிலில் சொல்கிற ஓமாக இருந்திருக்க வேண்டும்.

என்னைக் கூப்பிட்டவர் ரிஸ்வான். கிண்ணியாக்காரர். இளைஞர்களுக்கு அரசியல் பயிற்சி கொடுக்கும் ஒரு சிறிய தொண்டு நிறுவனத்தை நடத்துகிறார். பிரதேச சபைக்கு உள்ளாட்சித் தேர்தல் வருகிறது, வேட்பாளர் பட்டியலில் இளையவர்களும் பெண்களும் இருந்தாக வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறது, ஆனால் பெயர் கொடுக்கப் பிள்ளைகள் தயங்குகிறார்கள், ஒருமுறை வந்து பேசிவிட்டுப் போங்கள் என்று எழுதியிருந்தார். இதற்கென்றே பிறந்தவள் போல நானும் கிளம்பிவிட்டேன்.

உண்மையில் அப்படித்தான் என்னை நான் நினைத்துக்கொண்டிருந்தேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாய்க்கரை கிராமத்தில் பிறந்தவள் நான். கல்லூரி விடுமுறையில் ஊர்க் கூட்டத்தில் எழுந்து, "தெருக்குழாய் ஏன் தலைவர் வீட்டு வாசல்லயே நிக்குது?" என்று கேட்டேன். "பொம்பளப் பிள்ளைக்கு இங்க என்ன வேலை?" என்று கூட்டமே சிரித்தது. அப்பா என் கையைப் பிடித்து வீட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார். அன்று முளைத்த வீம்பு சமூகவியல் படிக்க வைத்து, பேராசிரியராக்கி, ஊர் ஊராகப் போய் இளைஞர்களை "ஓட்டுப் போட்டால் போதாது, ஓட்டுக் கேட்கவும் வேண்டும்" என்று கிளப்பிவிட வைத்தது. என் மாணவர்களில் பஞ்சாயத்துத் தலைவர்கள் உண்டு. அதைச் சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சமும் கிடையாது. இந்தப் பயணம் வரைக்கும் கிடையாது.

மறுநாள் காலை ரிஸ்வானின் மோட்டார் சைக்கிளில் கிளம்பினோம். உப்புவெளி தாண்டியதும் பின் டயரில் காற்றுப் போனது. ரிஸ்வான் வண்டியை ஒரு கடை வாசலில் தள்ளிவிட்டு வர, பஸ் பிடித்தோம். சாம்பல்தீவுக்கு அப்பால் ஒரு சிறிய ஊர். அதன் பெயரை எழுத வேண்டாம் என்று பிறகு என்னிடம் கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. அந்த ஊரின் தரிப்பிடத்தில் பஸ் நிற்காமலே போனது. நான் கூச்சல் போட்டு, கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்த வைத்தேன். நடத்துநர் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு விசில் ஊதினார்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டேன்.

"உங்கட நாட்டில எல்லா இடத்திலயும் பஸ் நிக்குதா எண்டு கேக்கிறார் மிஸ்" என்றார் ரிஸ்வான்.

நிற்காதுதான். பதில் சொல்வதற்குள் பஸ் போய்விட்டது.

திரும்பி நடந்தோம். அந்தத் தரிப்பிடத்திலேயே எங்களுக்காகக் காத்திருந்தாள் நிரோஜினி. முன்பள்ளி ஆசிரியை, இருபத்து நான்கு வயது. சுயேச்சைக் குழு ஒன்று அவளைப் பட்டியலில் சேர்க்கத் தயாராக இருந்தது. "நான் எலக்சன் கேட்டா முதல் வேலை இதுதான் மிஸ், இந்த பஸ்ஸை இதில நிப்பாட்டுறது" என்றாள். அங்கே தேர்தலில் நிற்பதை 'எலக்சன் கேட்பது' என்கிறார்கள். தயக்கம் அவளிடம் இல்லை, அவள் அம்மாவிடம் இருந்தது. அப்பா இல்லாத வீடு. அம்மா யோகேஸ்வரி சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இன்றைய பயிற்சியைப் பார்க்க வருவதாக மட்டும் ஒத்துக்கொண்டிருந்தார். வேட்புமனுக் கொடுக்கும் கடைசி நாள் அந்த வாரமே.

"அம்மா பாத்தாச் சரி எண்டுவா மிஸ்" என்றாள். "பாத்துடுவோம்" என்றேன் நான், பெரிய கெட்டிக்காரி மாதிரி.

பல்நோக்கு மண்டபத்தில் பயிற்சி. வெளி விறாந்தையில் ஊர்ப் பெரியவர்கள் சிலர் பலகை போட்டுக் கரம் விளையாடிக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருபது பேருக்கு மேல் பிள்ளைகள். முதலில் இறுக்கமாக இருந்தார்கள். நான் என் மதுரைத் தமிழில் இரண்டு கதை சொன்னதும் என் பேச்சைப் பார்த்தே சிரிக்க ஆரம்பித்தார்கள். மதியச் சாப்பாட்டுப் பொட்டலங்களை வாங்கி வர ரிஸ்வான் வெளியே போனார். கூட்டம் சூடு பிடித்திருந்தது. என் பெயர் பெற்ற விளையாட்டை எடுத்தேன்.

அதன் பெயர் 'முகம் தெரியாத வாக்காளர்'. நானே உருவாக்கியது, திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் கைதட்டல் வாங்கியது. ஒருவர் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு கதிரையில் உட்காருவார். பையில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. மற்றவர்கள் வரிசையில் ஒவ்வொருவராக வந்து, தனக்கு ஏன் ஓட்டுப் போட வேண்டும் என்று நாலு வார்த்தை பேச வேண்டும். வாக்காளர் வாயே திறக்கக் கூடாது. பேச்சு பிடித்தால் மேலும் கீழும் தலையாட்டுவார், பேசியவர் ஒரு பக்கம் போவார். பிடிக்காவிட்டால் மறுப்பாகத் தலையசைப்பார், அவர் மறுபக்கம் போவார். வாக்காளர் மனதை முகம் பார்த்துப் படிக்க முடியாது என்று உணர்த்துவதற்காக இந்த ஏற்பாடு. துறுதுறுப்பான பிள்ளை என்று நிரோஜினியைக் கதிரையில் உட்கார வைத்துப் பையை மாட்டியவளும் நானேதான்.

நாலைந்து பேர் பேசி முடித்திருப்பார்கள். விறாந்தையில் கரம் காய்கள் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. நான் அதைக் கவனித்தேன். நம் விளையாட்டைப் பார்க்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன்.

அப்போதுதான் பின்கதவு வழியாக யோகேஸ்வரி வந்தார். ஒரு கையில் தேநீர்க் கேத்தல், இன்னொரு கையில் வாய்ப்பன் பலகாரம் நிறைந்த தட்டு. அவர் நிற்கிற இடத்திலிருந்து பார்த்தால் வரிசையாகப் பிள்ளைகள், எதிரே பையைக் கவிழ்த்த ஓர் உருவம். அது தலையாட்டியது. ஒரு பையன் ஒதுங்கிச் சுவரோரம் போய் நின்றான். யோகேஸ்வரி கேத்தலையும் தட்டையும் தரையில் வைத்தார். வரிசையைப் பிளந்துகொண்டு நேரே வந்து, அந்தப் பையைப் பிடித்து இழுத்துக் கிழித்தார். உள்ளே அவருடைய மகள், வியர்த்து, சிரித்த முகத்தோடு.

"எழும்பு."

"அம்மா, இது விளையாட்டு..."

"எழும்பு எண்டனான்."

கிழிந்த பை கையிலேயே இருக்க, மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். "ஏன் மிஸ் அன்ரிக்குக் கோபம்?" என்று ஒரு பையன் என்னைக் கேட்டான். அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. பெரியவர்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். அவர்களில் ஒருவர் யாரையும் பார்க்காமல், "தலையாட்டி" என்றார். பிறகு எல்லோரும் போய்விட்டார்கள், கரம் பலகையை அப்படியே போட்டுவிட்டு.

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. சண்டைக் காலத்து இராணுவச் சுற்றிவளைப்புகளில் ஊர் முழுவதையும் ஒரு வெளியில் கொண்டுவந்து இருத்துவார்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கத் தலையில் சாக்கைக் கவிழ்த்த ஒருவர் முன்னால் ஒவ்வொருவராக நடக்க வேண்டும். அந்தத் தலை ஆடினால் ஆள் மறுபக்கம் போக வேண்டும். அப்படிப் போனவர்களில் பலர் வீட்டுக்குத் திரும்பவில்லை. அந்தச் சாக்குத் தலைக்குச் சனங்கள் வைத்த பெயர்தான் தலையாட்டி. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லக்கூட எனக்கு வழியில்லை. இதைப் படித்திருக்கிறேன். வகுப்பில் பாடமாக நடத்தியும் இருக்கிறேன், மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். படித்ததெல்லாம் தாளிலேயே தங்கிவிட்டது. பை வாங்கிய கடை வரைக்கும்கூட என்னோடு வரவில்லை.

ரிஸ்வான் பொட்டலங்களோடு திரும்பி வந்து, கதிரையையும் என்னையும் பார்த்தார். "இந்த விளையாட்டப் பத்தி எனக்கு முதல்ல சொல்லல்லயே மிஸ்" என்றார். சொல்லவில்லைதான். அவருக்கும் ஆச்சரியமாக இருக்கட்டும் என்று ஒளித்து வைத்திருந்தேன். பிள்ளைகளை அனுப்பிவிட்டு நாங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டோம். மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் நன்றாக இருந்தன. வெட்கம் கெட்ட வயிறு, எல்லாவற்றையும் தின்றது.

அடுத்த நாள் காலை நிரோஜினியிடமிருந்து செய்தி வந்தது. "அம்மா வேண்டாம் எண்டிட்டா மிஸ். நீங்கள் கவலைப்படாதேங்கோ. மன்னிச்சுக்கொள்ளுங்கோ." மன்னிப்பை அவள் கேட்டிருந்தாள். அதைப் படித்ததும் இடியப்பத்தையும் சொதியையும் தள்ளி வைத்தேன்.

"இப்ப போகாதீங்க மிஸ், ரெண்டு நாள் போகட்டும்" என்றார் ரிஸ்வான். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பது எனக்குப் பிறந்ததிலிருந்தே ஆகாத பழமொழி. இரண்டு நாள் போனால் வேட்புமனுவும் போய்விடும். ஓட்டோ பிடித்துக் கிளம்பினேன். வழி சொல்கிறேன் என்று நான் உளறியதில் ஓட்டோக்காரர் ஊரைத் தாண்டி இறக்கக்கண்டிப் பாலம் வரைக்கும் கொண்டுபோய்விட்டார். "எங்கயம்மா போகோணும் உங்களுக்கு?" என்று அவர் மூன்றாம் தடவை கேட்டபோது, அந்த ஊருக்குப் போகிற தைரியம் எனக்கில்லாததுதான் வழியை மறக்கடிக்கிறது என்று புரிந்தது. வந்த வழியே அந்த ஊருக்குத் திரும்பினோம்.

யோகேஸ்வரி சமையல்கட்டு வாசலில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். நிரோஜினி முன்பள்ளிக்குப் போயிருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து ஒரு கதிரையைக் கொண்டுவந்து போட்டார். நான் வாய் திறப்பதற்குள் பிட்டும் சூடைமீன் குழம்பும் போட்ட தட்டு ஒன்று என் மடிக்கு வந்துவிட்டது. எங்கள் ஊரில் கோபமாக இருந்தால் தண்ணீர்கூடத் தரமாட்டார்கள். இங்கே கோபத்தோடேயே சோறு போடுகிறார்கள். அதை எப்படி விழுங்குவது என்றுதான் எனக்குத் தெரியவில்லை.

"நான் பெரிய தப்புப் பண்ணிட்டேன்ங்க" என்று ஆரம்பித்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வைத்த பேச்சு. அவர் கையை நிறுத்தவில்லை.

"உங்களுக்கு எத்தின வயசு?" என்று கேட்டார்.

சொன்னேன்.

"எனக்கும் அதுதான்" என்றார். பிறகு, துருவலைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்கள எல்லாரையும் கோயில் வெளியில இருத்தினவங்கள். விடியக் காலமை. அம்மா சோறு வடிச்ச கையோட வந்தவ. ரவி அண்ணைட முறை வந்தது. அது தலையாட்டினது. அண்ணை எங்களத் தாண்டித்தான் மற்றப் பக்கம் போகோணும். போகேக்க அம்மாட்டச் சொன்னவன், சோத்த மூடி வையுங்கோ எண்டு."

தேங்காய்ப் பாதியைத் திருப்பிப் பிடித்தார்.

"வச்சம்."

அந்தப் பாதியைத் துருவி முடித்து, "அந்தச் சாக்குக்குள்ள இருந்தது எங்கட ஊர் ஆள் எண்டுதான் கதை. ஆரெண்டு இண்டைக்கும் தெரியாது. முந்தநாள் எடுத்துப் பாக்கிறன், என்ர பிள்ளை" என்றார். நேற்று நடந்ததைத்தான் முந்தநாள் என்றார். நான் திருத்தவில்லை.

கோயில் வெளியில் அவர் உட்கார்ந்திருந்த அதே வயதில் நான் மதுரையில் இவர்களுக்காக ஊர்வலம் போயிருக்கிறேன். தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டுவிட்டு, புரோட்டா தின்று, விடுதிக்குத் திரும்பி நன்றாகத் தூங்கினேன். அதைச் சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் அதுவும் ஒரு பெருமையாகவே வந்து விழும் என்று தோன்றியது.

"நான் ஒண்டு கேக்கட்டோ மிஸ்?" என்றார் யோகேஸ்வரி. முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நீங்கள் இப்ப மன்னிப்புக் கேக்க வந்தனீங்களோ, இல்லாட்டி நிரோவ எலக்சன் கேக்க விடச் சொல்லி வந்தனீங்களோ?"

பொய் சொல்ல வரவில்லை. "ரெண்டுக்கும்தாங்க" என்றேன்.

"ரெண்டும் ஏலாது. ஒண்டக் கேளுங்கோ."

என் வாழ்நாள் வேலை முழுவதும் இரண்டாவதில் இருந்தது. அந்தப் பிள்ளையின் ஆசையும் அதில்தான் இருந்தது. எத்தனையோ அப்பா அம்மாக்களிடம் வாதாடி ஜெயித்திருக்கிறேன். இவரிடமும் வாதாட என்னிடம் பத்துக் காரணம் தயாராக இருந்தது. "மன்னிச்சிருங்க" என்று மட்டும் சொன்னேன்.

"சரி" என்றார். "சாப்பிடுங்கோ, பிட்டு ஆறுது."

அன்று பின்னேரம் துறைமுகப் பக்கம் போய் உட்கார்ந்திருந்தேன். உலகத்தில் பெரிய இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளியில் படித்தது. மலைகளுக்குள் கடல் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. பக்கத்தில் கடலை விற்றவர் என் சேலைக் கட்டைப் பார்த்து இந்தியாவா என்று விசாரித்து, என்ன வேலையாக வந்தீர்கள் என்று கேட்டார். இளைஞர்களுக்கு அரசியல் சொல்லிக்கொடுக்க என்று சொல்ல நாக்கு எழவில்லை. "சும்மா, சுத்திப் பாக்க" என்றேன். "கோணேசர் கோயிலுக்குப் போனீங்களோ?" என்றார். போவேன் என்றேன். போகவில்லை.

மறுநாள் நிரோஜினி தொலைபேசியில் கூப்பிட்டாள். குரல் கரகரத்தது, அழுதிருக்க வேண்டும். ரவி மாமாவின் கதையை அம்மா முதன்முறையாக அவளிடம் சொல்லியிருக்கிறார். அதுவரை அவளுக்கு, மாமா சின்ன வயதில் செத்துப்போனார் என்று மட்டுமே தெரியும். கதையைச் சொல்லி முடித்து அம்மா கேட்டாராம்: "ரவி அண்ணைய விருப்பமோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்ல. போ எண்டாங்கள், போனவன். உன்ன நான் கேக்கிறன். உனக்கு விருப்பமோ?"

"நீ என்ன சொன்ன?"

"விருப்பம் எண்டனான் மிஸ்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "நாளைக்குக் கச்சேரியில மனுக் குடுக்கிறம். அம்மா உங்களையும் வரட்டாம்."

"என்னையா? ஏன்?"

"வாசலில தனிய நிக்க ஏலாதாம். எல்லாருக்கும் வேலை இருக்கு, மிஸ்ஸுக்கு இப்ப ஒரு வேலையும் இல்லைத்தானே எண்டவ."

உண்மைதான். மிச்சமிருந்த பயிற்சிகளை நானே ரத்து செய்திருந்தேன்.

கச்சேரி என்பது மாவட்டச் செயலகம். கடைசி நாள் என்பதால் வாசலில் கூட்டம், கோஷம், கொடிகள். எங்கள் ஊர் மாதிரிப் பட்டாசும் மாலையும் இல்லை, மற்றபடி அதே வேர்வை. நிரோஜினி வெள்ளைச் சேலையில் குழுத் தலைவரோடு நின்றாள். யோகேஸ்வரி ஒரு கையால் அவள் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். இன்னொரு கையில், துணியில் முடிந்த சாப்பாட்டுப் பெட்டி.

வாசல் பொலிஸ்காரர் சிங்களத்தில் உரக்க ஏதோ சொன்னார். ரிஸ்வான் எங்களுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் தயங்கினார். சொல்லாமலும் இருக்க முடியாது. "மனுக் குடுக்கிற ஆக்கள் இந்தப் பக்கமாம். மத்த எல்லாரும் அந்தப் பக்கம் போகட்டாம்."

யோகேஸ்வரியின் விரல்கள் இறுகுவதை நான் பார்த்தேன். பொலிஸ்காரர் இளைஞர், சாதாரணமாகத்தான் கையை அசைத்தார். பின்னால் நின்றவர்கள் நெருக்கினார்கள். நிரோஜினி அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள், கையை இழுக்கவில்லை. அம்மா வேண்டாம் என்றால் திரும்பி வந்திருப்பாள், எனக்கு அது நிச்சயம். என் வாய்க்குள் பத்துக் காரணங்களும் வரிசையில் நின்றன. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"சோறு கொண்டந்தனான்" என்றார் யோகேஸ்வரி. "வந்து சாப்பிடு."

"ஓம் அம்மா."

கையை விட்டார். மனுக் கொடுக்கிறவர்களோடு அவள் மற்றப் பக்கம் போனாள்.

நாங்கள் எதிர்ப்பக்கம் ஒரு வாகை மர நிழலில் நின்றோம். மனுக் கொடுத்த பிறகும் ஆட்சேபணை கேட்கும் நேரம் முடிய வேண்டுமாம். வெயில் ஏறியது. மற்றக் கட்சிக்காரர்கள் ஒவ்வொரு கூட்டமாகச் சிரித்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ரிஸ்வான் எங்களுக்குப் பணிஸ் என்கிற பன்னும் தேநீரும் வாங்கி வந்தார், யோகேஸ்வரி தொடவில்லை. நேரமாகிறதே என்ற பதற்றத்தில், "நீங்களாவது கொஞ்சம் சாப்பிடுங்களேன், பெட்டியில சோறு இருக்கே" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான், திரும்பி வரவேண்டியவளுக்காக மூடி வைத்த சோறு அது என்று உறைத்தது. இரண்டாம் தடவையாக நான் அதே குழியில் விழுந்திருந்தேன். அவர் பெட்டி மூடியின்மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். கண் வாசலை விட்டு அகலவில்லை.

நிரோஜினி வந்தாள். கூட்டத்தில் முட்டி மோதி, சேலைத் தலைப்பு கசங்கி, எங்களைத் தேடிக்கொண்டு வந்தாள். தூரத்திலிருந்தே, "ஏத்துக்கொண்டிட்டாங்கள் அம்மா!" என்று கத்தினாள்.

யோகேஸ்வரி அந்தச் செய்தியைக் கேட்டாரா என்றே தெரியவில்லை. மகளின் தோளை, கையை, முகத்தைத் தடவிப் பார்த்தார். அப்படியே மர வேரில் உட்கார்ந்து துணி முடிச்சை அவிழ்த்தார். மூடியைத் திறந்தார். சோறு ஆறிப்போயிருந்தது. முதல் பிடியைப் பிசைந்து மகள் வாயில் ஊட்டினார். அவள் மெல்லுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார். விழுங்கியதும்தான் அவர் கண்ணில் தண்ணீர் வந்தது.

பிறகு என்னை நிமிர்ந்து பார்த்து, "கையக் கழுவிப்போட்டு இருங்கோ மிஸ், உங்களுக்கும் சேத்துத்தான் கொண்டந்தனான்" என்றார்.

கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். அந்தச் சோற்றை, குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன்.